நாக்குக் கட்டிய மணி

உட்காருங்கள் தம்பி. கேட்டை நாலு மணிக்குத்தான் திறப்பான். அந்த வாட்ச்மேன் மரியதாஸ் இருக்கிறானே, அவன் கடிகாரத்தைப் பார்த்துத் திறக்கிறவன் இல்லை, கூட்டத்தின் முகத்தைப் பார்த்துத் திறக்கிறவன். எவ்வளவு கெஞ்சுகிறோமோ அவ்வளவு தாமதிப்பான். நின்றால் உங்கள் கால்தான் வலிக்கும். இப்படி மாதா கெபியை, அந்தக் கல்குகைச் சிலையைப் பார்த்து உட்காருங்கள், இங்கே கொஞ்சம் நிழல் இருக்கிறது.

நெற்றியில் திருநீறு. ஐயோ, துடைக்க வேண்டாம், துடைக்க வேண்டாம். நான் சும்மா பார்த்தேன், அவ்வளவுதான். இந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் உங்கள் ஆட்கள்தான். மாதா ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டாள்.

யாரைப் பார்க்க வந்தீர்கள்? அம்மாவா? மாடியில் பெண்கள் வார்டா? சரி சரி. அதை அப்புறம் சொல்லுங்கள்.

அந்தப் பையின்மேல் கை வைக்காதீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், நானே நகர்த்திக்கொள்கிறேன். உள்ளே என்ன என்று கேட்கிறீர்கள். நீங்கள் கேட்கவில்லைதான், ஆனால் எல்லாரும் கேட்பார்கள். இது அவஸ்தைப் பை. அவஸ்தை என்றால் உங்களுக்குத் தெரியாது. எங்களில் சாகக் கிடக்கிறவர்களுக்குச் சாமியார் வந்து எண்ணெய் பூசுவார். நெற்றியில், இரண்டு உள்ளங்கையில். அதோடு ஆள் தயார். பாவமெல்லாம் தீர்ந்து, மூட்டை கட்டி, வண்டிக்குக் காத்திருக்கிற மாதிரி. எண்ணெய் சாமியார் கையில் இருக்கும். மற்றதெல்லாம் இந்தப் பையில். பாடுபட்ட சுரூபம், அதாவது சேசு தொங்குகிற சிலுவை, விரிக்க ஒரு வெள்ளைத் துணி, தீர்த்தக் குப்பி, எண்ணெயைத் துடைக்கப் பஞ்சு, மந்திரித்த மெழுகுதிரி. பிறகு ஒரு மணி.

மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்கிறேன்.

சந்தியாகு உபதேசியார் என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உபதேசியார் என்பது பெரிய படிப்பு ஒன்றும் இல்லை தம்பி. சாமியார் வராத இடத்தில் செபம் சொல்லிக்கொடுப்பவன். சாமியார் வருகிற இடத்தில் அவருக்கு முன்னால் நடப்பவன். மற்றவர்கள் கோயிலுக்கு உபதேசியார், நான் இந்த ஆஸ்பத்திரிக்கு உபதேசியார். தலை கறுத்திருக்கும்போது உள்ளே போனவன். இப்போது பாருங்கள், கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நோயாளி மாதிரிகூட இல்லை. நோயாளி என்றால் உள்ளே விட்டிருப்பார்களே.

நான் மணி அடித்துக்கொண்டு முன்னால் போவேன். பின்னால் பெரிய சாமியார். அவர் இப்போது இல்லை, கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார், அவருக்கும் நான்தான் மணி அடித்தேன். அந்தக் காலத்து வார்டு நீளமான வார்டு. இந்தப் பக்கம் ஒரு வரிசைக் கட்டில், அந்தப் பக்கம் ஒரு வரிசை. வாசலில் நின்று கணீர் என்று ஒரு அடி அடிப்பேன். அவ்வளவுதான் தம்பி. இருமுகிறவன் இருமலை விழுங்கிவிடுவான். கஞ்சி குடிக்கிறவன் வாயில் இருப்பதை விழுங்க மாட்டான். நான் ஒவ்வொரு கட்டிலாகத் தாண்டத் தாண்ட, பின்னால் மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். தாண்டின கட்டிலிலிருந்து, "சேசுவே, உமக்குத் தோத்திரம்" என்பார்கள். அவ்வளவு பக்தி! இப்போது எங்கே பார்க்கிறீர்கள் அந்தப் பக்தியை?

ஒரு கிழவி, மணிச் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். என்ன தாழ்ச்சி பாருங்கள். ஆண்டவர் வருகிறார், நான் கட்டில்மேல் இருப்பதா என்று. ஆயா ரோணிக்கம்மாள்தான் காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தாள். அந்த ரோணிக்கம்மாள் வேலையில் ரொம்பக் கவனம். என்னைக் கண்டதும் கேட்பாள், "உபதேசியாரே, இன்னைக்கு எந்தக் கட்டிலு? முன்னாடியே சொல்லிட்டா நான் போர்வைய எடுத்து வச்சிருவேன்ல?" கம்பவுண்டர்கூட எழுந்து நின்று, "வழி விடுங்கப்பா, டிக்கெட் குடுக்கிறவர் வந்துட்டாரு" என்பார். நான் நடக்க நடக்க மரியாதைதான்.

கடைசியாக மெழுகுதிரி. சாகிறவர் கையில் எரிகிற திரியைக் கொடுக்க வேண்டும். வலது கையில். இடது கையில் இல்லை, வலது கையில். ஆனால் கை நிற்காது, விரல் மடங்காது. அப்போது அடியில் இன்னொரு கை வேண்டும் அல்லவா? அது என் கை. பெற்ற பிள்ளை வராந்தாவில் நின்று அழுதுகொண்டிருப்பான். பெண்டாட்டி மயங்கிக் கிடப்பாள். யாரோ ஒருத்தன், நான், பிடித்திருப்பேன். மெழுகு உருகி உருகி மணிக்கட்டில் சொட்டும். கையை எடுக்க மாட்டேன். பாருங்கள், இதெல்லாம் அந்த வடு. ஒவ்வொன்றும் ஒரு ஆத்துமா.

உங்கள் மணிக்கட்டிலும் என்னமோ சிவந்திருக்கிறதே? சமையலில் சுட்டுக்கொண்டீர்களா? அம்மா படுத்துவிட்டால் வீடு அப்படித்தான். தேங்காய் எண்ணெய் தடவுங்கள், சரியாகிவிடும்.

வீட்டுக்குப் போனதும் ஞானப்பூவிடம் சொல்வேன். ஞானப்பூ என் வீட்டுக்காரி. "இன்னைக்கு ரெண்டு பேரை நல்லபடியா அனுப்பியாச்சு" என்பேன். "குளிச்சிட்டு வாங்க" என்பாள். குளித்துவிட்டு வந்து சாப்பிடும்போது விவரமாகச் சொல்வேன். யாருக்கு மூச்சு எப்படி இழுத்தது, யார் கண் எங்கே நிலைகுத்தியது, யார் கடைசியில் அம்மா என்றார், யார் தண்ணீர் என்றார். அவளுக்குப் பிரயோசனமாக இருக்கட்டும் என்றுதான். நல்ல மரணத்தைப் பற்றி எத்தனை பேருக்கு வீட்டிலேயே பிரசங்கம் கிடைக்கும்? அவள் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவாள். வயிறு சரியில்லை என்பாள். இப்போது யோசித்தால், அந்தக் காலத்திலேயே அவளுக்கு வயிற்றில் ஏதோ இருந்திருக்கிறது பாருங்கள். ஒரு டாக்டரும் கண்டுபிடிக்கவில்லை.

பையைச் சுவரில் ஆணியில் மாட்டுவேன். காற்று அடித்தால் உள்ளே மணி லேசாகக் கிணுங்கும். ஒருநாள் காலையில் எடுத்துப் பார்க்கிறேன், மணியின் நாக்கில் துணியைச் சுற்றி நூல் போட்டுக் கட்டியிருக்கிறாள்.

"என்னடி இது?"

"சத்தம் கேக்குது. தூக்கம் வரல."

"மந்திரிச்ச மணிடி. நல்ல சத்தம்."

"உங்களுக்கு நல்ல சத்தம்."

காலையில் நான் அவிழ்ப்பேன், படுக்கப் போகும்முன் அவள் கட்டுவாள். காலமெல்லாம் இப்படித்தான் ஓடியது. பெண்களுக்குத் தூக்கம்தான் பெரிது. அதற்காக நான் ஒரு நாளும் அவளைக் கடிந்துகொண்டதில்லை.

என்ன தம்பி, ஏதோ சொல்ல வந்தீர்கள்? இருங்கள், இதை முடித்துவிடுகிறேன். விட்டால் மறந்துபோகும்.

பிறகு வந்தாள் சிஸ்டர் பெனிட்டா. வந்தார் என்று சொல்ல வேண்டும், கன்னியாஸ்திரி. வந்தார். பெங்களூரில் போய்ப் படித்துவிட்டு வந்தார். என்ன படிப்பு? நோயாளிகளுக்கு ஆன்மப் பராமரிப்பு என்று ஒரு படிப்பாம். மாடிப்படிக்கு அடியில் நான் பை வைக்கிற அறை ஒன்று இருந்தது, அதில் வெள்ளையடித்து, ஆன்மப் பராமரிப்பு என்று போர்டு மாட்டி, ஒரு மேசை, ஒரு பூச்சாடி. நாற்பது வயதுகூட இருக்காது. என்னைப் பார்த்து, "நீங்களும் எங்க டீம்ல இருக்கீங்க உபதேசியாரே" என்றார். நான் எங்கே அவர் டீமில் இருந்தேன்? அவர் வந்து என் வேலையில் இருந்தார்.

அவர் என்ன செய்வார் தெரியுமா? ஒரு ஸ்டூலை இழுத்துக் கட்டில் பக்கத்தில் போடுவார். உட்காருவார். கமலா ஆரஞ்சு ஒன்றை எடுத்து உரிப்பார். அவ்வளவுதான்! செபமாலை இல்லை, தீர்த்தம் இல்லை. நான் ஒருநாள் திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஒரு அம்மாள் தன் மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மருமகள் பேசின பேச்சு, மருமகள் விற்ற மாடு, மருமகள் வைத்த புளிக்குழம்பு. இவர், "ம்." அந்த அம்மாள் அழுகிறாள். இவர், "ம்." ஒரு பரலோக மந்திரம் உண்டா? ஒரு அருள்நிறை மந்திரம் உண்டா? கடைசியில் ஆரஞ்சுச் சுளையை அவள் வாயில் வைத்துவிட்டு எழுந்து வருகிறார்.

கேட்டேன். "சிஸ்டர், இவ்வளவு நேரம் உக்காந்து ஒன்னுமே சொல்லலியே?"

"அவங்கதான் சொன்னாங்களே."

"அவங்க குழம்பைப் பத்தில்ல சொன்னாங்க? ஆத்துமாவப் பத்தி எப்பச் சொல்றது?"

சிரித்தார். "அதத்தான உபதேசியாரே சொன்னாங்க" என்றார். புரிகிறதா உங்களுக்கு? எனக்குப் புரியவில்லை. இதைப் படிக்க பெங்களூர் போக வேண்டுமா தம்பி? "ம்" சொல்ல யாருக்குத்தான் தெரியாது?

முதலில் மணியில் கை வைத்தார். மணி வேண்டாம், நோயாளிகள் பயப்படுகிறார்கள் என்றார். பயமா? தேவபயம் வேண்டாமா? சரி, புது சாமியாரும் சேர்ந்து சொன்னார், விட்டுவிட்டேன். அதாவது வார்டு வாசல்வரைக்கும் அடிக்காமல் போய், கட்டில் பக்கத்தில் மட்டும் ஒரு அடி. அது அடித்ததாகக் கணக்கா?

அந்தக் கஸ்பார் விஷயத்தில்தான் என்னை முடித்துவிட்டார்கள்.

கஸ்பார் லாரி மெக்கானிக். நல்ல வாட்டசாட்டமான ஆள். ஊர்த் திருவிழாவில் தேர் வடத்தை முன்னால் நின்று இழுக்கிறவர். ஈரலில் புற்று வந்து, கை மீறிவிட்டது. டாக்டர் அவர் பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டார். அவளோ புருஷனிடம் குடல்புண் என்று சொல்லி வைத்திருக்கிறாள். மகன் துபாயிலிருந்து வரட்டும், அவன் வந்து பக்கத்தில் இருந்து சொல்லட்டும், அதுவரைக்கும் யாரும் வாயைத் திறக்காதீர்கள் என்று எல்லாரிடமும் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள். என்னிடமும் கும்பிட்டாள். சிஸ்டர் தினமும் போய் ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் தேரைப் பற்றிப் பேசுவதற்கு "ம்" கொட்டிக்கொண்டிருக்கிறார். இந்த வருஷம் தேருக்குப் புது வடம் வாங்க வேண்டும் என்று அவர் திட்டம் போடுகிறார். எனக்கு மனசு கேட்குமா? துபாயில் லீவு கிடைத்தால்தான் வருவேன் என்று சாவு காத்திருக்குமா? ஆத்துமா கெட்டுப்போனால் யார் பொறுப்பு? அந்தப் பெண்டாட்டியா?

சிஸ்டர் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்த நாள். புது சாமியாருக்கு ஊர் நிலவரம் தெரியாது. "சாமி, ஆண்கள் வார்டுல ஒருத்தர் அவஸ்தை கேக்குறார்" என்றேன். கேட்கவில்லைதான். கேட்டிருக்க வேண்டும் இல்லையா? அதைத்தான் சொன்னேன்.

போனோம். கஸ்பார் கட்டிலில் உட்கார்ந்து, அவர் தங்கச்சி கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்க, சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு பக்கக் கன்னம் முடிந்திருந்தது. மறு பக்கம் நுரை. நான் மணியை அடித்தேன். கட்டில் பக்கத்தில் ஒரே ஒரு அடிதான், ஒப்பந்தப்படி.

அவர் பிளேடைக் கையில் வைத்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கு உபதேசியாரே?" என்றார். பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கட்டில் காலி.

"உமக்குத்தான்" என்றேன்.

பொய் சொல்லலாமா? அவஸ்தை நேரத்தில் பொய் சொல்லலாமா? நீங்களே சொல்லுங்கள்.

கஸ்பார் பிளேடைக் கட்டிலோரத்தில் வைத்தார். படுத்தார். சாமியாருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஆனாலும் எல்லாம் முறையாக நடந்தது. பாவசங்கீர்த்தனம், எண்ணெய், நன்மை என்கிற அப்பம், எல்லாம். திரியைப் பிடித்தேன். கஸ்பார் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான், அதற்குப் பிறகு யாரோடும் பேசவில்லை. தேரைப் பற்றியும் பேசவில்லை. மறு கன்னத்தைச் சவரம் செய்யவும் விடவில்லை. பாதி முகத்தோடே போனார். மகன் வருவதற்கு முன்னாலேயே. பார்த்தீர்களா, நான் சொன்னேன் அல்லவா? காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதற்கு அந்தப் பெண்டாட்டி, இந்தக் கெபிக்கு முன்னால் வைத்து, எல்லாரும் பார்க்க, என் சட்டையைப் பிடித்தாள். "நோவு கொல்லல, நீதான்யா கொன்ன" என்றாள். வேறு என்னென்னமோ சொன்னாள். துக்கத்தில் இருக்கிறவள் அல்லவா. அவளுக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னேன்.

சிஸ்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. என் எதிரில் உட்கார்ந்து, "உபதேசியாரே, அவர் மூஞ்சியப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் என்றேன். "என்ன இருந்துச்சு?" என்றார். நுரை இருந்தது என்றேன். அடுத்த வாரம் சிஸ்டர்களுக்கெல்லாம் தலைவியான சபைத் தாயார் கூப்பிட்டு, வயசாகிவிட்டது, இனி ஓய்வெடுங்கள் என்று பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். ரோணிக்கம்மாள்தான் ரொம்பச் சத்தமாகத் தட்டினாள். பாசம்.

பையைக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. பை என்னுடையது.

இதெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டேன் தம்பி. இப்போது நடக்கிறதுதான் பொறுக்க முடியவில்லை.

ஞானப்பூ உள்ளே இருக்கிறாள். ஆமாம், என் ஞானப்பூ. இதே ஆஸ்பத்திரியில், மேலே. வயிற்றில் கட்டி. முற்றிவிட்டது. அவளுக்கு நோய் என்று எனக்கே கடைசியாகத்தான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு வந்து டாக்டரைப் பார்த்திருக்கிறாள், ஸ்கேன் எடுத்திருக்கிறாள், என்னிடம் மூச்சு விடவில்லை. "ஏண்டி சொல்லல?" என்றேன். "சொன்னா நீங்க ஆரம்பிச்சிருவீங்க" என்றாள். என்ன ஆரம்பிப்பேன்? செபம்தானே ஆரம்பிப்பேன்? வேறு என்ன?

படுக்கையில் சேர்த்த அன்றைக்கே பையோடு போனேன். மற்றவர்களுக்கெல்லாம் செய்தவன் சொந்தப் பெண்டாட்டிக்குச் செய்ய வேண்டாமா? சிறு மேசையில் வெள்ளைத் துணியை விரித்தேன். சுரூபத்தை வைத்தேன். திரியைக் கொளுத்தினேன். மணியை எடுக்கவே இல்லை, அது பைக்குள் தானாகக் கிணுங்கியது. அவள் என்னைப் பார்த்தாள். கஸ்பார் பார்த்த மாதிரி... இல்லை, அது வேறு. அவள் போர்வையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து சொல்கிறாள், "சிஸ்டர், இவரை வெளிய போகச் சொல்லுங்க."

யார் சொல்லிக்கொடுத்த பேச்சு அது? என்னோடு இத்தனை காலம் வாழ்ந்தவள் பேசுகிற பேச்சா அது?

சிஸ்டர் என்னைத் தோளைத் தொட்டு வெளியே கூட்டி வந்து சொல்கிறார். "உபதேசியாரே, நீங்க எப்ப வேணாலும் வரலாம். இங்க நேரம் காலம் ஒன்னும் உங்களுக்கு இல்ல. பைய மட்டும் எங்கிட்டக் குடுத்துருங்க. வந்து சும்மா உக்காருங்க."

"உக்காந்து?"

"உக்காந்து இருங்க."

"என்ன சொல்ல?"

"ஒன்னும் சொல்ல வேணாம். அவங்க சொல்லுவாங்க."

அது எப்படி தம்பி? ஒன்றும் சொல்லாமல் எப்படி இருப்பது? பை இல்லாமல் நான் அந்த வார்டில் நடந்ததே கிடையாது. கையை எங்கே வைத்துக்கொள்வது? சாகிறவள் பக்கத்தில் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்க நான் யார்?

...புருஷன்தான். புருஷன் என்பது சரி. நான் அதைச் சொல்லவில்லை.

தினமும் வருகிறேன். தினமும் இந்த மரியதாஸ், "ஐயா, பைய இங்கன வச்சிட்டு உள்ள போங்க, நான் பத்திரமாப் பாத்துக்கிறேன்" என்கிறான். என்னிடம் நல்ல ஞானோபதேசம் படித்த பயல், அவன் எனக்குச் சொல்கிறான். வைக்க மாட்டேன். அவர்களுக்கு வேண்டுமானால் பையோடு கூப்பிடட்டும். அதுவரைக்கும் கெபி இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது.

ஆனால் நாள் இல்லை தம்பி. அதுதான் என் பயம். ஊரையே வழியனுப்பினவன் பெண்டாட்டி அவஸ்தை இல்லாமல் போவதா? எண்ணெய் இல்லாமல், திரி இல்லாமல், ஆரஞ்சு தின்றுகொண்டே போவதா? நாளைக்கு மோட்சத்தில் நான் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

நீங்கள் நல்லவர். இந்த ஆஸ்பத்திரியில் என்னை இவ்வளவு பேச விட்டவர் நீங்கள் ஒருவர்தான். குறுக்கே ஒரு வார்த்தை இல்லை. நான் சொல்லச் சொல்ல "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தீர்களே, நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கின மாதிரி இருக்கிறது. இப்படிக் கேட்க ஒரு ஆள் கிடைப்பது பெரிய பாக்கியம். பெற்ற தாய் வளர்த்த விதம், வேறென்ன.

அதோ, திறக்கிறான். இருங்கள், இருங்கள், எல்லாரும் போகட்டும். எனக்கு ஒரு உதவி. நீங்கள் மேலேதானே போகிறீர்கள்? பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். மெலிந்த உருவம், முன்பல்லில் ஒன்று இல்லை. ஞானப்பூ என்று கூப்பிட்டால் திரும்புவாள். அவளிடம் ஒரே வார்த்தை சொல்லுங்கள். "உபதேசியார் கெபிகிட்ட உக்காந்திருக்கார், பை கையில இருக்கு, சரின்னு ஒரு சொல்லு சொல்லு, சாமியாரைக் கூட்டிட்டு வந்துருவார்." அவ்வளவு போதும்.

என்ன, தெரியுமா? அவளைத் தெரியுமா? எப்படி?

பக்கத்துக் கட்டிலா உங்கள் அம்மா? அட, முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி! இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு... சரி, சொல்லுங்கள். எப்படி இருக்கிறாள்? சாப்பிடுகிறாளா?

என்னது?

இன்னொரு தரம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமையா? ஞாயிற்றுக்கிழமை சாமியார் வந்தாரா?

எண்ணெய் பூசினாரா? அவளுக்கா? யார் கேட்டது? அவளேவா? அவளே வாய் திறந்து கேட்டாளா?

மணி அடித்தார்களா? இல்லை. அடித்திருந்தால் இங்கே கேட்டிருக்குமே. நான் இங்கேதானே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் இதே பெஞ்சில்தான் இருந்தேன்.

எல்லாரும் பாடினார்களா? உங்கள் அம்மாவுமா? அவருக்கு எங்கள் பாட்டு எப்படி... சரி, கைதட்டினார். சரி.

திரி? திரி கொடுத்தார்களா? அதைச் சொல்லுங்கள். கை நிற்காதே அவளுக்கு. அடியில் யார் பிடித்தது? சிஸ்டரா? இல்லையா? பிறகு யார்? ஆயாவா?

கையைக் காட்டுங்கள்.

நீங்களா.

அவளா கூப்பிட்டாள்? "தம்பி, ஒரு கை பிடிங்க" என்றா? சொட்டினதும் சிரித்தாளா? சுட்டுவிட்டதா என்று கேட்டுச் சிரித்தாளா? ஞானப்பூ சிரித்தாளா?

எந்தக் கையில் கொடுத்தீர்கள்? இடது கையிலா? வலது கையில்தான் தம்பி கொடுக்க வேண்டும், நான் இப்போதுதானே சொன்னேன். வலது கையில் ஊசி ஏற்றியிருந்ததா? ஓ. சரி. அப்படியென்றால் சரி. அப்படியென்றால் இடது கை ஆகும். நீங்கள் திருநீறு வைத்திருந்ததும்... அதுவும் ஒன்றும் இல்லை. ஆகும்.

திரியை யார் அணைத்தது? அவளே ஊதினாளா? பிறந்தநாள் மாதிரியா?

இல்லை, நான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் இல்லை. மரியதாஸ் கூப்பிடுகிறான், கேட்கிறது. எந்நாளும் கூப்பிடுகிறவன்தான், கூப்பிடட்டும். பை மடியிலேயே இருக்கட்டும், நீங்கள் தூக்க வேண்டாம். நீங்கள் போங்கள், அம்மாவுக்குக் கஞ்சி ஆறிவிடும்.

ஒரு நிமிஷம் தம்பி.

எண்ணெய் பூசும்போது சுற்றிப் பார்த்திருப்பாள் அல்லவா? யார் யார் நிற்கிறார்கள் என்று? சாகக் கிடக்கிறவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள், நான் கண்டிருக்கிறேன். வாசல் பக்கம் பார்த்திருப்பாள். "அவர் எங்கே" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாள். மெதுவாகக் கேட்டிருப்பாள், உங்களுக்குக் காதில் விழுந்திருக்கும், பக்கத்தில்தானே இருந்தீர்கள். கேட்டாள், அப்படித்தானே?

விவரம் ஒன்றும் வேண்டாம். இவ்வளவு நேரம் எதற்கெடுத்தாலும் "ம்" சொன்னீர்களே. இதற்கும் ஒன்று சொல்லிவிட்டுப் போங்கள்.

தம்பி?

அதற்கு வாயைத் திறக்கக்கூட வேண்டாமே.